பம்பை மாற்றும் முன் திரும்பும் குழாயைப் பாருங்கள்

கேள்வி: "செஞ்சி பக்கத்தில் இரண்டு ஏக்கரில் மல்லாட்டையும் காய்கறியும் போடுகிறோம். திண்டிவனம் மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டுபோக பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கினேன். கார்புரேட்டர் வண்டி. முன்பு வைத்திருந்தவர் அதை எடுத்துவிட்டு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் போட்டிருக்கிறார். இதே இன்ஜின் உள்ள மற்ற வண்டிகள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கின்றன. என் வண்டி வாங்கிய நாள் முதல் 11 தான். கரும்புகை வருகிறது, உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கிறது. பெட்ரோல் பிரஷர் 75 பி.எஸ்.ஐ. காட்டுவதாகச் சொல்லி, பட்டறையில் பம்பையும் ரெகுலேட்டரையும் மாற்றினார்கள். பிரஷர் இறங்கவில்லை. இப்போது இன்ஜெக்டர்களை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"
- வாசகர், செஞ்சி.

பதில்: வேண்டாம். இன்ஜெக்டரை மாற்றினால் பிரஷர் குறையாது. வாடை அடிக்கிறது என்கிறீர்கள். காரணம் தெரியும்வரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

உங்கள் சொட்டுநீர் மோட்டாரை நினைத்துப் பாருங்கள். மோட்டார் ஒரே வேகத்தில்தான் தள்ளும். வயலுக்கு வேண்டியது போக மீதித் தண்ணீர் பைபாஸ் வழியாகக் கிணற்றுக்குத் திரும்பும். பைபாஸை மூடினால் மீட்டர் முள் ஏறும். மோட்டாரை மாற்றினாலும் முள் இறங்காது. உங்கள் வண்டியிலும் இதே ஏற்பாடுதான். பம்ப் தள்ளும் பெட்ரோலில் இன்ஜினுக்குத் தேவையானது போக மீதியை ரெகுலேட்டர் திறந்துவிடும். அது திரும்பும் குழாய் வழியாக டேங்குக்குப் போகும்.

கார்புரேட்டருக்கு 3 முதல் 5 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு வைத்த திரும்பும் குழாய் மெல்லியது, சில வண்டிகளில் அதுவும் இருக்காது. இந்த வகை எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினுக்கு 3 பார், அதாவது சுமார் 43 பி.எஸ்.ஐ. வேண்டும். அதற்கான பம்ப் தள்ளும் அளவும் மிக அதிகம். அத்தனை பெட்ரோலும் பழைய மெல்லிய குழாயில் திரும்ப வேண்டுமென்றால், புது ரெகுலேட்டர் போட்டாலும் பிரஷர் ஏறத்தான் செய்யும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

43-க்குப் பதில் 75 இருந்தால், இன்ஜெக்டர் திறக்கும் அதே நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் பெட்ரோல் இறங்கும். மைலேஜ் குறைவும் கரும்புகையும் அதனால்தான். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, பழுது சரியானதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்:

1. கேஜ் சரிதானா? இன்னொரு கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரே முகத்தில் பாரும் பி.எஸ்.ஐ.யும் இருக்கும், மாற்றிப் படித்துவிடுவதும் உண்டு.

2. இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும். அப்போதே 75 காட்டினால் வேக்கம் ஓஸ் மேல் பழி இல்லை.

3. சாவி போட்டதும் 43 காட்டினால், ஸ்டார்ட் செய்து ஐடிலில் பாருங்கள். சுமார் 7 பி.எஸ்.ஐ. இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ரெகுலேட்டருக்குப் போகும் வேக்கம் ஓஸ் வெடித்திருக்கும், அல்லது தவறான இடத்தில் மாட்டியிருக்கும். அந்த ஓஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் உள்ளே கிழிந்திருக்கிறது.

4. முக்கியமான சோதனை இது. ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் அகலமான புது ஓஸ் மாட்டி ஒரு கேனில் விடுங்கள். சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். முள் 43-க்கு இறங்கினால் குறை திரும்பும் குழாயில். இறங்காவிட்டால் ரெகுலேட்டர் தவறான வகை, அல்லது உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் மாறி மாட்டப்பட்டிருக்கிறது.

5. குறை குழாயில் என்றால் டேங்க் வரை கையால் தடவிப் பாருங்கள். ஜாக்கி வைத்த இடத்தில் நசுங்கியிருக்கலாம், வளைவில் மடங்கியிருக்கலாம். எதுவும் இல்லையென்றால் குழாயே சிறியது. பெரிய குழாய் போட வேண்டும்.

இதை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டினால் குழாயில் உள்ள பிரஷர் இறங்கும். பிறகுதான் ஓஸைக் கழற்ற வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, கிரைண்டர் வேலை கூடாது. தீயணைப்பான் அல்லது மணல் வாளி தயாராக இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

ஓஸ்களையும் பாருங்கள். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஓஸ் 43-க்கே தாங்காது, 75-க்கு எப்படித் தாங்கும்? 'எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9' என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஓஸ் கேட்டு வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, இன்ஜின் மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதி வேண்டும். வண்டியைத் தயாரிப்பாளர் வடிவமைப்பிலிருந்து மாற்றுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எண் மாறியிருந்தால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைய நேரிடும். அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்ஜெக்டருக்கு எடுத்து வைத்த பணத்தைத் தொடாதீர்கள். சாவி மட்டும் போட்டபோது ஒன்று, கேனில் விட்டபோது ஒன்று என இரண்டு அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.