பச்சை இலை போட்ட ஓட்டலும் நம்ம ஏரித் தண்ணியும்
(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, எல்லோரையும் போல நானும் "நட்பு" பற்றியோ "அம்மா" பற்றியோ எழுதிவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் சென்ற ஆண்டு சென்னைக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போய் மூன்று ராத்திரி தங்கிவிட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு இடம் பிடிக்கும் வேலை இப்போதே ஆரம்பித்துவிட்டதால், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னடா இவன், சுற்றுலா போய் வந்ததற்கும் குறை சொல்கிறானே என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நாம் தங்கிய ஓட்டலை உங்களுக்கு நினைவிருக்கும். பெயரை எழுத வேண்டாம். போர்டில் பெரிய பச்சை இலை, "சுற்றுச்சூழலின் நண்பன்" என்று ஒரு வாசகம். அதைப் பார்த்துத்தான் கமிட்டி தேர்ந்தெடுத்தது. கை தூக்கி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன், அதனால் பழியில் எனக்கும் பங்குண்டு. நாற்பத்து நாலு பேர், இருபத்திரண்டு ரூம், ரூமுக்கு 2,200 ரூபாய். ரிசப்ஷனில் கொடி படர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக்!

ரூமில் ஜன்னல் என்று ஒன்று இருந்தது, ஆனால் திறக்க முடியாது. கண்ணாடியை சிலிகான் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆகவே பகலானாலும் இரவானாலும் ஏசி ஓடியே தீர வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து வரும் ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நாம் என்ன செய்தோம்? ரிமோட் கையில் கிடைத்த சந்தோஷத்தில் 18-க்கு இறக்கிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினோம். நானும்தான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. ஆறு டிகிரிக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்திருக்கிறோம் மச்சி, அனுபவிப்போம் என்பதுதான் அன்றைக்கு எல்லோருடைய பதிலும்.

கட்டில் மேல் ஒரு அட்டை. "துண்டை மறுபடி பயன்படுத்தினால் பூமியைக் காப்பாற்றலாம்" என்று அச்சடித்திருந்தது. நாங்களும் யோக்கியமாகத் துண்டைக் கொடியில் காயப் போட்டுவிட்டுப் போனோம். சாயந்திரம் வந்து பார்த்தால் புதுத் துண்டு! ரூமைச் சுத்தம் செய்கிற அண்ணனிடம் கேட்டேன். "அட்டை வெச்சது மேனேஜரு தம்பி. ஆனா துண்ட மாத்தலேன்னா சூப்பர்வைசர் எங்கள இல்ல திட்டுவாரு" என்றார்.

இது ஒன்றும் புதுக்கதை இல்லை. "கிரீன்வாஷிங்" என்று இப்போது உலகமெல்லாம் சொல்கிறார்களே, பச்சை வெள்ளையடிப்பு, அந்த வார்த்தையே ஓட்டல் துண்டிலிருந்து பிறந்ததுதான். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர், ஓட்டல்களில் வைக்கும் இந்தத் துண்டு அட்டையைக் கிண்டல் செய்து 1986-இல் எழுதிய கட்டுரையில்தான் அதைப் பயன்படுத்தினார். அன்று முதல் இன்று வரை அட்டை மாறவில்லை!

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

வாஷ்பேசின் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல் ஒரு லிட்டர் மக்கை அடியில் வைத்து நேரம் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் நிறைந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 58 லிட்டர். ஒரு குழாய்க்கு! காலை ஐந்து மணிக்கு டேங்கர் லாரி வந்து நிற்கும் சத்தத்தில்தான் மூன்று நாளும் கண் விழித்தேன்.

நாம் என்விரான்மென்டல் பாடத்தில் படித்ததுதான். ஓட்டலுக்கு ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்று வைத்துத்தான் டிசைன் செய்கிறோம். ஐந்து நட்சத்திரம் என்றால் 320 லிட்டர். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நான் காட்டுமன்னார்கோயில்காரன். வீராணத்துக் கரையில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன். சோழர் காலத்து வீரநாராயணன் ஏரி அது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணி வரணும், வந்தால்தான் எங்கள் பக்கம் சுமார் 45,000 ஏக்கரில் நடவு. அதே ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் போட்டு, 230 கிலோமீட்டர் தூரம் சென்னைக்குத் தண்ணீர் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. அதற்கு முன்னாலேயே ஒரு முறை ஆரம்பித்து நின்றுபோன திட்டம் இது. அப்போது சாலையோரம் கிடந்த ராட்சதக் குழாய்களுக்குள் ஜனங்கள் குடித்தனம் நடத்திய கதையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

சென்னைக்குத் தண்ணி கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் குடத்தோடு நிற்கிற ஜனங்கள்தான் அதிகம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஓட்டல் கணக்கில் போட்டால் அது பதினாலாயிரம் கட்டிலுக்குக்கூட ஒரு நாள் போதாது. கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே என்பீர்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலை இருப்பது உண்மைதான். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் விழுங்கும் வேலை அது. ஆகவே சென்னையில் ஒரு குழாய் சொட்டினால், சொட்டுவது எங்கள் ஏரியாகவும் இருக்கலாம், கரண்டாகவும் இருக்கலாம்.

சரி, எங்கேதான் தங்குவது என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வருஷம் சீனியர்களோடு போனபோது எழும்பூர் சந்து ஒன்றில் பழைய லாட்ஜில் தங்கினோம். எல்லோரும் திட்டிய லாட்ஜ்! மூன்று பேருக்கு 900 ரூபாய். ஏசி கிடையாது. உயரமான கூரை, எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல், வெளியே ஒரு வேப்பமரம். பக்கெட், மக் குளியல். ஒரு பக்கெட் பதினைந்து லிட்டர், இரண்டு பக்கெட்டில் தலைக்கே குளித்துவிடலாம். வராந்தாவில் குடிநீர் டிரம், அவரவர் பாட்டிலில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இலை போட்ட ஓட்டலிலோ ரூமுக்குத் தினம் இரண்டு பாட்டில், மூன்று நாளில் 132 காலி பாட்டில்! (2019-இல் வந்த நம் மாநிலத் தடையில் தண்ணீர் பாக்கெட் உண்டு, பாட்டில் இல்லை. அதனால் சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது.) எல்லாவற்றுக்கும் மேலாக, எழும்பூரில் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே லாட்ஜுக்குப் போய்விட்டோம். சென்ற ஆண்டு பஸ் வாடகைக்கு எடுத்து டிராஃபிக்கில் புகைவிட்டுக்கொண்டு கிடந்தது எத்தனை மணி நேரம்! ஓட்டல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும், அதுக்குப் போகவர தினம் நாற்பது கிலோமீட்டர் டீசல் எரித்தால் என்ன பிரயோசனம்?

அந்த லாட்ஜைக் கோயில் ஆக்க நான் தயாரில்லை. குப்பையெல்லாம் ஒரே டிரம்மில்தான் போட்டார்கள். ஃபேன்கள் தாத்தா காலத்தவை, எழுபத்தைந்து வாட்டுக்குக் குறையாது. முப்பது வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வந்து எத்தனையோ வருஷமாகிறது. மாணவிகள் சென்ற ஆண்டு வேறு ஓட்டல் கேட்டதற்கும் நியாயம் உண்டு. தாழ்ப்பாள் சரியில்லாத ரூமில் அவர்களைத் தங்கச் சொல்லிவிட்டு ஏரியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. பாதுகாப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஆனால் தாழ்ப்பாள் மாற்ற 200 ரூபாய் போதும், ஜன்னல் இல்லாத கட்டடத்தை மாற்ற இடிக்கத்தான் வேண்டும்.

பெரிய ஓட்டல் எல்லாமே ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். 2012-இல் கிண்டியில் திறந்த ஐடிசி கிராண்ட் சோழா, கட்டடத்துக்கு லீட் பிளாட்டினம் சான்று வாங்கியது. மும்பையில் ஆர்க்கிட் ஓட்டல் தொண்ணூறுகளிலேயே இந்த வழியில் பேர் எடுத்தது. சான்று வாங்க அளந்து காட்ட வேண்டும். போர்டில் இலை வரைய பெயின்டர் போதும். அந்த ஓட்டல்களுக்கு நம் பாக்கெட் தாங்காது என்பது வேறு விஷயம்.

எனவே கமிட்டிக்கு என் வேண்டுகோள் இது. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள். தண்ணீர் மெட்ரோவா, போரா, லாரியா? 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு அங்கே வேலை செய்கிறதா, இல்லை மணல் மூடிக் கிடக்கிறதா? ஜன்னல் திறக்குமா? ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரமா? "இதெல்லாம் எதுக்கு சார் கேக்கறீங்க" என்று அந்தப் பக்கம் கேட்டால், நாங்க சிவில் பசங்க என்று சொல்லுங்கள். நாலு காலேஜ் இப்படிக் கேட்டால் அஞ்சாவது காலேஜ் வருவதற்குள் குழாய்க்கு வாஷர் மாற்றிவிடுவார்கள்.

மிச்சமாகும் பணத்துக்குக் கணக்கு வேண்டுமா? நாற்பத்து நாலு பேருக்கு எழும்பூர் லாட்ஜில் பதினைந்து ரூம், ஒரு ராத்திரிக்கு 13,500 ரூபாய். இலை ஓட்டலில் 48,400. பணம் கட்டக் கஷ்டப்பட்டு சென்ற ஆண்டு பயணத்துக்கே வராமல் நின்றுவிட்ட ஏழு பேரின் பெயரும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஜனவரியில் அட்வான்ஸ் கட்ட வேண்டுமாம். எழும்பூர் லாட்ஜ் ஃபோன் நம்பர் என் டைரியில் இருக்கிறது, பொருளாளர் எப்போது கேட்டாலும் தருகிறேன்.