வல்லாரையும் சரஸ்வதியும்

பரீட்சைக் காலம் நெருங்கினால் நமது செஞ்சிப் பக்கத்திலும் வல்லாரைக்குத் திடீரென்று மதிப்பு ஏறிவிடுகின்றது. வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கின்ற அந்தக் கீரை, மாத்திரையாகவும் லேகியமாகவும் கடைக்கு வந்தவுடன் “சரஸ்வதி மூலிகை” ஆகிவிடுகின்றது. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கின்ற தாய்மார்கள், இதைத் தின்றால் படித்ததெல்லாம் மனதில் நிற்கும், பயம் தெளியும் என்று நம்பி டப்பா டப்பாவாய் வாங்குகின்றார்கள்.

நிற்கும் என்று யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்? இதுதான் நாம் கேட்பது.

கேட்டால், “முன்னோர் சொன்னது” என்கின்றார்கள். நமது இராஜகிரிக் கோட்டையும் முன்னோர் காலத்தது தான். 2025-ல் யுனெஸ்கோ சபை அதை மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் வைத்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோட்டைக்குப் பழமையே யோக்கியதை. மருந்துக்கு அது யோக்கியதையாகுமா? வேறு சிலர், “என் பையன் சாப்பிட்டான், தேறினான்” என்கின்றார்கள். அதே மாதத்தில் பையன் விழித்திருந்து படித்ததும் உண்டல்லவா? சாப்பிட்டும் தவறிய பையன்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

ஆகவே, பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும். ஆட்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூலிகையும் மறுபாதிக்கு அதே நிறத்தில் வெறும் மாவும் கொடுக்க வேண்டும். எது எது என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, தின்பவருக்கும் தெரியக்கூடாது. பிறகே ஞாபகத்தை அளக்க வேண்டும். நம்பிக்கை செய்கிற வேலையையும் மருந்து செய்கிற வேலையையும் பிரித்தறிய இதுவே வழி.

இப்படிச் செய்தும் இருக்கிறார்கள். 2000-ல் கானடாவில் 40 பேரைக் கொண்டு பார்த்ததில், 12 கிராம் வல்லாரை ஒரே வேளை உண்டவர்கள் திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது ஒரு மணி நேரம் வரை குறைந்திருந்தது. ஆகவே, மனக்கலக்கத்தைத் தணிக்கும் என்பதில் ஏதோ கொஞ்சம் வாஸ்தவம் இருக்கலாம். ஞாபக சக்தியோ? தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் 11 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அறிவுத் திறனின் எந்தப் பிரிவிலும் வெறும் மாவைக் காட்டிலும் வல்லாரை மேலானதென்று காண முடியவில்லை. உண்ட ஒரு மணி நேரத்தில் சுறுசுறுப்புக் கூடிக் கோபம் குறைந்ததாக மட்டும் கண்டார்கள். சரஸ்வதி கடாட்சம் அவ்வளவுதான்.

நீர்ப்பிரமியின் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் 2001-ல் 46 பேருக்கு 12 வாரம் கொடுத்தும், 2002-ல் 76 பேருக்கு மூன்று மாதம் கொடுத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் ஞாபகத்தில் சிறிது பலன் தெரிந்தது. ஆனால் ஒரே வேளை கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியிருக்க, நாளைப் பரீட்சைக்கு இன்று மாத்திரை விற்பவன் எதை விற்கிறான்? போதாக்குறைக்கு, “பிராமி” என்ற ஒரே பெயரை ஓரிடத்தில் வல்லாரைக்கும் மற்றோரிடத்தில் நீர்ப்பிரமிக்கும் வைத்திருக்கிறார்கள். டப்பாவில் இருப்பது எந்தச் செடி என்றே வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

மூலிகையானால் கெடுதியில்லை என்பதும் சரியல்ல. வல்லாரை மாத்திரை சாப்பிட்ட மூன்று பெண்களுக்குக் காமாலை கண்டதாக அர்ஜென்டினாவிலிருந்து 2005-ல் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்திருக்கிறது. நிறுத்திய பிறகு குணமானார்கள்.

இவ்வளவும் வெறும் காசு விஷயமாயிருந்தால் நாம் இத்தனை எழுத மாட்டோம். டப்பா தீர்ந்தும் பிள்ளை தவறினால், “சரஸ்வதியே கொடுத்தும் ஏறவில்லை, இது படிக்கிற ஜாதியில்லை” என்று வீட்டாரே சொல்லத் துணிகிறார்களே, அதுதான் நம் வயிற்றெரிச்சல். அந்தப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது, இரவில் எத்தனை மணி நேரம் தூங்கியது, இரத்தத்தில் இரும்புச் சத்து இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. இரத்தச் சோகையுள்ள பிள்ளைக்குக் கவனம் நில்லாது என்பது யூகமல்ல. 1920-ல் சென்னை நகரசபைப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் பகலுணவு போட்டதும், 2022-ல் அரசு ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி வந்ததும் எந்தத் தேவியின் பெயராலும் அல்ல. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இரத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரைக் காசில் முட்டை வாங்குங்கள்.

வல்லாரைத் துவையலை ருசிக்காகத் தின்பவர்களோடு நமக்கு வழக்கில்லை. நமக்கும் அது பிடிக்கும்.