கருப்பாயிக்கு இளைப்பு இல்லை

எங்கள் வீட்டு ராஜபாளையத்து நாய் அப்பழுக்கில்லாத வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். அதற்கு அம்மா வைத்த பெயர் கருப்பாயி. வெள்ளைத் தோலுக்குச் சீக்கிரம் கண் பட்டுவிடும், பெயரையாவது கறுப்பாக வைப்போம் என்பது அம்மாவின் கணக்கு. இந்தப் பெயரால் வத்திராயிருப்பு மருந்துக் கடையில் ஒரு குழப்பம் மாதக்கணக்கில் நீடித்தது. சீட்டில் ‘கருப்பாயி, பெண்’ என்று இருக்கும். மாத்திரை பிரெட்னிசோலோன். கடைப் பையன் அதை ஆஸ்துமா மாத்திரையாகத்தான் அறிவான். “என்ன அண்ணாச்சி, பாட்டிக்கு இளைப்பு இன்னும் கேக்கலையா?” என்று அக்கறையாக விசாரிப்பான். “இல்லப்பா” என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். நாய்க்கு என்று சொல்லிவிட்டால் கடையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லாமல் விடமாட்டார்கள்.

கருப்பாயிக்கு வந்த நோயின் பெயர் நீளமானது: இம்யூன் மீடியேட்டட் ஹீமோலிட்டிக் அனீமியா. கிருமியைத் தேடி அழிக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடம்பின் சொந்தச் சிவப்பணுக்களையே எதிரி என்று எண்ணி அவற்றின் மேல் ஆன்டிபாடியை ஒட்டிவிடுகிறது. அப்படி அடையாளமிடப்பட்ட அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்துத் தின்கின்றன. நல்ல நிலையில் நாயின் சிவப்பணு ஒன்று நூறு நாளுக்கு மேல் உயிரோடிருக்கும். இந்த நோயில் சில நாளில் தீர்ந்துபோகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. எலும்பு மஜ்ஜை இரவு பகலாகப் புதிய அணுக்களைச் செய்து அனுப்பினாலும் அழிவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

வெளியே தெரிவது சோர்வுதான். வாசலில் கோழி போனாலும் எழுந்திருக்காது. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும். ராஜபாளையத்து நாய் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கறுப்பு நாயாக இருந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால்தான் ரத்தம் குறைந்தது தெரியும். வெள்ளை நாயில் அடிவயிறே சொல்லிவிடும். ரோஜா நிறத் தோல் முதலில் வெளுக்கும், பிறகு மஞ்சள் ஏறும். தட்டணுக்களும் சேர்ந்து குறைந்திருந்தால் ஊசி குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். கருப்பாயியைக் குளிப்பாட்டும்போது இதைப் பார்த்தது அம்மா. பெயர் வைத்தும் கண் பட்டுவிட்டதே என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு, “டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போ” என்றும் சொன்னார். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும். ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை.

மஞ்சள் என்றதும் தெருவே கீழாநெல்லி பறிக்கக் கிளம்பியது. மனிதருக்குக் காமாலை என்றால் பெரும்பாலும் கல்லீரல் கெட்டிருக்கும். இங்கே பழுது ரத்தத்தில். சிவப்பணு மொத்தமாக உடைவதால் வெளியேறும் நிறமியைக் கல்லீரலால் சமாளிக்க முடிவதில்லை; அதனால் வரும் மஞ்சள் இது. இதைக் கல்லீரல் காமாலை என்று நினைத்துப் பத்தியச் சோறு போட்டுக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தால் நாய் இருக்காது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஈறைப் பார்த்தவுடனே திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார். ராமையன்பட்டியில் இருக்கிற அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகக் கருப்பாயியை மடியில் போட்டுக்கொண்டு போனோம்.

அங்கே முதலில் கேட்ட கேள்வி: “வெங்காயம், பூண்டு போட்ட கொழம்பு ஊத்துவீங்களா?” நம் வீடுகளில் நாய்க்கு மிச்சக் குழம்பை ஊற்றித்தான் சோறு பிசைகிறோம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை நேரடியாக உடைக்கக் கூடியவை. சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. அப்படி உடைந்தால் அது நஞ்சு, எதிர்ப்புச் சக்தியின் வேலையல்ல. வைத்தியமும் வேறு. ஆகவே அதை முதலில் விலக்கிக்கொள்கிறார்கள். அடுத்து உண்ணி பற்றிக் கேட்டார்கள். அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், அதோடு உப்புநீர். கலக்கிவிட்டுக் கொஞ்சம் சாய்த்ததும் ரத்தம் மணல்மணலாகத் திரண்டது. உப்புநீரில் கரைந்து பரவவேண்டிய அணுக்கள் ஆன்டிபாடி பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதன் அடையாளம் அது. நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் வெளிறித் தட்டையாக இருக்கவேண்டிய அணுக்கள் சின்னச்சின்ன உருண்டைகளாகி இருந்தன. பி.சி.வி. என்று ஒரு கணக்கு உண்டு. ரத்தத்தைக் குழாயில் சுழற்றினால் அடியில் படியும் அணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. நல்ல நாய்க்கு 37 முதல் 55 வரை. கருப்பாயிக்கு 14.

உப்புநீரில் திரளாத ரத்தத்துக்கு கூம்ஸ் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆர்எச் நெகட்டிவ் தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் செய்கிற அதே சோதனை. 1945இல் கேம்பிரிட்ஜில் அதை உருவாக்கிய ராபின் கூம்ஸ், படிப்பால் கால்நடை மருத்துவர். மாட்டு டாக்டர் என்று நாம் இளக்காரமாகச் சொல்கிற படிப்பு படித்த ஒருவர் கண்டுபிடித்ததை வைத்து எத்தனையோ மனிதக் குழந்தைகளின் உயிர் தப்பியிருக்கிறது. கருப்பாயிக்குச் செலவு செய்வதைக் கேலி செய்த ஒரு சொந்தக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இந்த நோய் சில நாய்களுக்குக் காரணமே இல்லாமல் வருகிறது. குறிப்பாகக் காக்கர் ஸ்பேனியல் வகைக்கு வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணியை. உண்ணி கடிக்கும்போது இரண்டு வகைக் கிருமிகள் ரத்தத்தில் ஏறலாம். ஒன்று எர்லிக்கியா, வெள்ளையணுக்களுக்குள் குடியிருந்து தட்டணுக்களைக் காலி செய்வது. வியட்நாம் போருக்கு அமெரிக்க ராணுவம் கொண்டுபோன நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கில் ரத்தம் ஒழுகிச் செத்தது இதனால்தான். இன்னொன்று பபீசியா, சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து பெருகுவது. இதில் பபீசியா கிப்சோனி என்ற இனத்தை உலகுக்கு முதலில் காட்டியதே நம் மெட்ராஸ்தான். வெள்ளைக்காரர்கள் நரி வேட்டைக்கு வைத்திருந்த மெட்ராஸ் ஹன்ட் நாய்களின் ரத்தத்தில் அதைப் பார்த்து 1910இல் எழுதினார் பாட்டன் என்ற மருத்துவர். பிறகு குள்ளநரியின் ரத்தத்திலும் அது இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அது நம்மோடு சுகமாக இருக்கிறது. கிருமி ஏறிய சிவப்பணுவைத் தாக்கப் போகும் எதிர்ப்புச் சக்தி, அந்த வேகத்தில் கிருமி ஏறாததையும் தாக்கத் தொடங்குகிறது. கருப்பாயிக்கு நடந்தது இதுதான். ஸ்லைடில் பபீசியா இருந்தது.

உண்ணி எங்கிருந்து வந்தது என்றால் எல்லோரும் மலையைக் கை காட்டுவார்கள், அல்லது தெருவில் போகிற ஆட்டுக் கிடையை. நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி பெரும்பாலும் வீட்டோடு இருப்பது. சுவர் வெடிப்பு, வாசல்படி இடுக்கு, கட்டிலின் மூட்டு இவைதான் அதன் குடியிருப்பு. பெண் உண்ணி ரத்தம் குடித்து உப்பியதும் நாயிலிருந்து இறங்கிச் சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிச் சுவரை விட்டுவிட்டால் வேலை பாதிதான். சிலர் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். அது நாயின் தோலை வேகவைக்கும், நக்கினால் உள்ளேயும் போகும். உண்ணியைக் கொல்ல இப்போது மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதும் இருக்கிறது. விலை கொஞ்சம் உறைக்கும். திருநெல்வேலிக்கு வண்டி வைத்துப் போகும் செலவோடு ஒப்பிட்டால் உறைக்காது.

வைத்தியம் இரண்டு கயிறுகளை ஒரே நேரத்தில் இழுப்பது. கிருமியைக் கொல்ல ஒரு மருந்து, எதிர்ப்புச் சக்தியை அடக்க இன்னொன்று. அடக்குவதற்குத்தான் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. தொடக்கத்தில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வரை போவார்கள். பெரிய நாய்க்கு அதிலும் குறைத்துத்தான். ரத்தம் உறைந்து நுரையீரல் குழாயை அடைப்பதுதான் இந்த நோயில் பல நாய்களைக் கொல்கிறது என்பதால், மனிதருக்கு மாரடைப்பில் கொடுக்கும் க்ளோபிடோக்ரெலும் கூடவே உண்டு. முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுவதுதான் கண்டம்.

தாண்டிய பிறகு வருவது வேறு விதமான சோதனை, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்டீராய்டு தின்னும் நாய் அண்டா தண்ணீர் குடிக்கும். குடித்ததை வீடு முழுக்க விடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைப் பிறாண்டும். பசி என்றால் அப்படி ஒரு பசி. தட்டைத் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கும். அதே நேரம் முதுகுச் சதை கரைந்து தலை எலும்பு துருத்தும், வயிறு மட்டும் தொங்கும். காற்றாகப் பறந்த நாய் திண்ணை ஏறத் தடுமாறும். பார்க்கிறவர்கள் “மருந்துதான் நாயைக் கெடுக்குது, நிப்பாட்டுங்க” என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் நிறுத்தக் கூடாது.

நிறுத்தினால் இரண்டு ஆபத்து. அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி மறுபடி கிளம்பும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் தன் வேலையை மறந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி திடீரென்று கைவிடப்பட்டால் நாய் சுருண்டு விழும். அதனால் ரத்த எண்ணிக்கை நிலைத்த பிறகு, சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு குறைப்புக்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. மொத்தம் நாலு மாதம், ஆறு மாதம் என்று இழுக்கும். நாய் நன்றாக ஓடி விளையாடும் நாட்களில் மாத்திரை கொடுப்பதுதான் கஷ்டம். படுத்துக் கிடந்தபோது நம் கை தானாக மாத்திரையைத் தேடும். வாலாட்டிக்கொண்டு நிற்கும்போது மறக்கும். அம்மா நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு போட்டுவைத்தார். காலையில் தாளைக் கிழிப்பதற்கு முன் மாத்திரை. கிழிக்காத தாள் தொங்கினால் வீட்டில் விசாரணை நடக்கும். மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தோம், துப்பியது. இட்லியில் வைத்தோம், இட்லியை மட்டும் தின்றது. கடைசியில் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூரின் புகழை எனக்குத் தெரிந்து இதற்கு யாரும் பயன்படுத்தியதில்லை. கடலை அளவுக்கு மேல் கூடாது என்று டாக்டர் கண்டித்துவிட்டார். ஸ்டீராய்டு வயிற்றுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் ஆகாது.

ரத்தம் ஏற்றியதைச் சொல்லவேண்டும். பி.சி.வி. 14இலிருந்து மேலும் இறங்கியபோது, மருந்து வேலை செய்யும்வரை தாக்குப்பிடிக்க ரத்தம் தேவை என்றார்கள். நாய்க்கு ரத்தம் ஏற்றுவதைக் கேட்டு ஊரில் சிரித்தவர்களுக்கு ஒரு தகவல்: உயிரிலிருந்து உயிருக்கு ரத்தம் மாற்றிக் காப்பாற்றலாம் என்று காட்டப்பட்டதே நாயில்தான். 1660களில் ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் லோயர் செய்துகாட்டினார், மனிதனுக்குப் பிறகுதான் வந்தது. நாய்க்கும் ரத்த வகைகள் உண்டு. ஆனால் மாற்று வகைக்கு எதிரான ஆபத்தான ஆன்டிபாடி பெரும்பாலான நாய்களுக்குப் பிறவியில் இருப்பதில்லை. அதனால் அவசரத்துக்கு முதல் தடவை பெரும்பாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இரண்டாம் தடவை பொருத்தம் பார்த்தே ஆகவேண்டும்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்க்கு ரத்த வங்கி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். ராஜபாளையத்தில் நாய் வளர்க்கிறவர்களைக் கேட்டேன். 2005இல் தபால்தலையில் ஏறிய நாய் வகை, ஊர்ப் பெயரையே சுமக்கிற நாய், ஊரில் இல்லாமலா போகும்? இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. சேர்க்கைக்கு விடுகிற நாய், ரத்தம் எடுத்தால் வீரியம் குறைந்துவிடும் என்றார்கள். குறையாது. நல்ல உடம்புள்ள நாய் கொடுத்த ரத்தத்தைச் சில வாரத்தில் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். கடைசியில் கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கி ஊழியர் வீட்டு லாப்ரடார். நாட்டு நாயின் பெருமை பேசும் நான் இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

கருப்பாயி இப்போது குறைந்த அளவு மாத்திரையில் இருக்கிறாள். பி.சி.வி. 40. நோய் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது நிற்கவில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் நாய் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் நாய் 25 கிலோவுக்கு மேல், வயது ஒன்றிலிருந்து எட்டுக்குள், தடுப்பூசிகள் தவறாமல் போட்டது, சினையாக இல்லாதது, இதற்கு முன் ரத்தம் ஏற்றப்படாதது என்றால் அது ரத்தம் கொடுக்கலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 450 மில்லி. உண்ணிக் கிருமியை வெளியே காட்டாமல் சுமந்து திரியும் நாய்கள் நம் பகுதியில் இருப்பதால், பரிசோதனை முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். தேவைப்படுகிற ராத்திரியில் அதற்கு நேரம் இருக்காது. அடுத்த தடவை தடுப்பூசிக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனையும் செய்து, உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சேர்க்கைக்கு விடும் நாயாக இருந்தாலும் சரி.