கண் பரிசோதனை இலவசமாம்

எங்கட அம்மம்மா ரெண்டு வருசத்துக்குள்ள மூன்று கண்ணாடி மாத்தினவ. மூன்றும் கடையிலதான். வாசலிலேயே ‘கண் பரிசோதனை இலவசம்’ என்று பெரிய எழுத்தில் போர்ட் இருக்கும். உள்ளே போனால் எழுத்தட்டையை வாசிக்க வைத்து, வில்லையை மாத்தி மாத்திப் போட்டு, “இது தெளிவோ, முந்தினது தெளிவோ” என்று கேட்டு, பத்து நிமிசத்தில் சீட்டு எழுதிவிடுவார்கள். அம்மம்மாவுக்கும் எழுத்துத் தெரிந்தது. ஆனால் கதவு நிலையில் தோள் இடிபடுவதும், ஒழுங்கையில் பக்கத்தால் வாற சைக்கிளைக் காணாமல் விடுவதும் நிற்கவில்லை. “வயசு போனால் அப்பிடித்தான்” என்று நாங்களும் விட்டுவிட்டம்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டியபோது குளுக்கோமா என்றார்கள். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிற வருத்தம். அநேகம் பேருக்கு நோகாது, சிவக்காது. ஓரத்துப் பார்வைதான் முதலில் போகும், அதனால் எழுத்தட்டையை நேராகப் பார்த்து வாசிக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போன பார்வை திரும்பாது. மூன்று தரம் அம்மம்மாவின் கண்ணைப் பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கண்ணுக்குள்ளே பார்க்கவில்லை. கடையில் நின்ற பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் அதைப் பழக்கியதும் இல்லை, அதற்கு யாரும் சம்பளம் கொடுத்ததும் இல்லை.

இதை என் மச்சாளிடம் வட்ஸ்அப்பில் சொன்னேன். அவள் டொரொன்டோவில் பிறந்து வளர்ந்தவள், இப்போது அமெரிக்காவில் ஒப்டொமெட்ரிஸ்ட் ஆவதற்குக் கடைசி வருசம் படிக்கிறாள். கனடா முழுவதற்கும் ஒப்டொமெட்ரி படிக்க இரண்டே இரண்டு இடங்கள்தான்: ஆங்கிலத்தில் வோட்டர்லூ பல்கலைக்கழகம், பிரெஞ்சில் மொன்றியல் பல்கலைக்கழகம். இடம் கிடைக்காத கனடியப் பிள்ளைகள் பலர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போகிறார்கள். அவளும் அப்படிப் போனவள்தான்.

எங்கட குடும்பத்தில் இவளுடைய படிப்புப் பற்றி இரண்டு கட்சி இருக்கு. மாமி, “என்ர மகள் டொக்டருக்குப் படிக்கிறாள்” என்று சொல்லுவா. சித்தப்பா, “கண்ணாடி விக்கிறதுக்கு எட்டு வருசப் படிப்போ?” என்று சிரிப்பார். ரெண்டு பேரும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்பதுதான் என் கருத்து.

முதலில் சித்தப்பாவுக்கு. அங்கே பெரும்பாலும் நாலு வருசம் முதல் பட்டம் முடித்து, இயற்பியல், உயிரியல், இரசாயனம், கணிதம், வாசிப்பு எல்லாம் அடங்கிய ஒரு நுழைவுப் பரீட்சை எழுதி, அதன் பிறகுதான் ‘டொக்டர் ஒஃப் ஒப்டொமெட்ரி’ என்ற நாலு வருசப் படிப்புக்குள் நுழையலாம். ஒளியியலோடு சேர்த்து உடற்கூறு, மருந்தியல், கண் நோய்கள் என்று படிக்க வேணும். பழகுவது ஒருவர் கண்ணில் ஒருவர். கண்மணியை விரிக்கிற துளி மருந்தை வகுப்புத் தோழிக்கு விட்டு, விழித்திரையையும் பார்வை நரம்பின் தலையையும் தேடிப் பார்க்க வேணும். மருந்து விட்டுக்கொண்ட அண்டைக்கு வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்துத் தெரியாது, பிறகு எங்கே பாடம் படிக்கிறது என்று மச்சாள் சொல்லுவாள். கடைசி வருசம் முழுக்க வைத்தியசாலைகளிலும் கிளினிக்குகளிலும் உண்மையான நோயாளிகளோடுதான். இடையில் மூன்று பகுதித் தேசியப் பரீட்சை வேறு. நோயாளியோடு கதைத்து, கருவி பிடித்துச் செய்து காட்டுகிற மூன்றாம் பகுதிக்கு நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் வட கரோலினாவின் ஷார்லட் நகரத்துக்குத்தான் போக வேணும்.

இவ்வளவும் எதற்கு? கண்ணாடி இலக்கம் கண்டுபிடிக்க இவ்வளவு தேவையில்லை. இலக்கம் சரியாக வந்தும் கண்ணில் வேறு ஏதோ பிழை இருக்கிற அந்த ஒரு ஆளைத் தவற விடாமல் இருக்கத்தான் இவ்வளவும். எங்கட அம்மம்மா அந்த ஒரு ஆள்.

இனி மாமிக்கு. ‘டொக்டர்’ என்ற பட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய காசுச் சண்டை இருக்கு. 1890களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் சார்ல்ஸ் பிரெண்டிஸ் என்ற கண்ணாடிக்காரர் ஒருவரின் கண்ணைப் பரிசோதித்து, அந்தப் பரிசோதனைக்கு 3 டொலர் வாங்கினார். அந்த ஆளைக் கண் வைத்தியர் ஹென்றி நோய்ஸிடம் அனுப்பியும் வைத்தார். நோய்ஸுக்கு அந்த 3 டொலர் பிடிக்கவில்லை. கண்ணாடி விற்றால் கண்ணாடிக்குக் காசு வாங்கலாம், பார்த்துச் சொல்லுகிற அறிவுக்குக் கட்டணம் வாங்குவது வைத்தியருக்கு மட்டும் உரியது என்பது அந்தப் பக்கத்து வாதம். பிரெண்டிஸ் விடவில்லை. ஒப்டொமெட்ரிக்குத் தனிச் சட்டம் வேணும் என்று போராடியவர்களில் முன்னுக்கு நின்றவர் அவர். 1901இல் மினசோட்டா முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. பரிசோதனைக்கான துளி மருந்தை 1971இல் ரோட் ஐலண்ட் அனுமதித்தது, நோய்க்கு மருந்து கொடுக்க 1976இல் மேற்கு வேர்ஜீனியா அனுமதித்தது. ஒவ்வொரு அனுமதியும் மாநிலம் மாநிலமாக, கண் வைத்தியர்களோடு இழுபறிப்பட்டு வாங்கியது. படிப்பும் அதோடு சேர்ந்து நீண்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது அந்த 3 டொலர்தான். பார்க்கிறதுக்குக் காசு, கண்ணாடிக்கு வேறு காசு. இரண்டையும் பிரித்தால்தான், “உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம், வேறு வருத்தம் இருக்கு” என்று சொல்லுகிறவருக்கு நட்டம் வராது. 1978இல் அமெரிக்கா இன்னொரு விதியும் போட்டது: பரிசோதனை முடிந்ததும் கண்ணாடிச் சீட்டை நோயாளியின் கையில் கொடுக்க வேணும், அவர் அங்கே கண்ணாடி வாங்கினாலும் வாங்காவிட்டாலும். நல்ல விதி.

ஆனால் அந்தப் பட்டப்படிப்பை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. மச்சாளோடு படிக்கிற பலர் ஒரு லட்சம் டொலரைத் தாண்டிய கடனோடுதான் வெளியே வரப் போகிறார்கள். மாதா மாதம் கடன் கட்ட வேண்டியவர் எங்கே போவார்? சம்பளம் கூடக் கிடைக்கிற இடத்துக்கு. அது பல நேரம் பெரிய கண்ணாடிக் கடைச் சங்கிலிதான். ஒரு நாளைக்கு இத்தனை பேரைப் பார்க்க வேணும் என்ற கணக்கு அங்கே இருக்கும் என்று அவளே பயப்படுகிறாள். கண்ணாடி வியாபாரத்தில் இருந்து பரிசோதனையைப் பிரிக்கத் தொடங்கிய ஒரு தொழில், படிப்புச் செலவாலேயே திரும்பக் கடை வாசலுக்கு வந்து நிற்குது.

டொக்டர் பட்டம் இல்லாமலும் இதைச் செய்யலாம். பிரித்தானியாவில் ஒப்டொமெட்ரிஸ்டுகள் பல்கலைக்கழகப் பட்டமும் மேற்பார்வையில் பயிற்சியும் முடித்து வருகிறவர்கள், அவர்களை ‘டொக்டர்’ என்று கூப்பிடுவதில்லை. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஒஃப் ஒப்டொமெட்ரியிலும் இளமாணிப் பட்டம்தான், அதில் ஒரு வருசம் முழுக்கப் பயிற்சி.

‘பரிசோதனைக்குக் காசு வாங்கினால் ஏழைச் சனம் எங்கே போகும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்கொட்லாந்தில் 2006இல் இருந்து எல்லாருக்கும் கண் பரிசோதனை இலவசம். ஆனால் அது அரசாங்கம் ஒப்டொமெட்ரிஸ்டுக்குக் காசு கட்டுகிற இலவசம். எங்கட அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கும் அதே மாதிரித்தான், வரிசையில் நின்றாலும் அங்கே யாரும் எங்களுக்கு ஃபிரேம் விற்பதில்லை. கடை வாசலில் எழுதியிருக்கிற இலவசம் வேறு. அதற்கான காசு கண்ணாடி விலைக்குள் இருக்கு. கண்ணாடி விற்காமல் போனால் பார்த்தவருக்கு ஒன்றும் இல்லை. அப்படி இருக்கும்போது கண்ணுக்குள்ளே பார்க்க நேரம் செலவழிக்கச் சொல்லி யாரைக் கேட்கிறது?

ஏ.எல் பயோ படித்து, இசட் ஸ்கோர் கொஞ்சத்தால் மெடிசின் தவறிய எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறம். ‘டொக்டர்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது கிடைக்காததால் வாழ்க்கையே போச்சு என்று இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். கண்ணைப் பார்க்கிற வேலைக்கு நல்லாப் படித்த, பொறுப்புச் சொல்லக்கூடிய, எம்.பி.பி.எஸ் அல்லாத ஆட்களும் வேணும். எல்லா ஊருக்கும் ஒரு கண் வைத்திய நிபுணர் வர மாட்டார். அந்த வேலையை மதிக்க முதலில் வீட்டில் பழகுவம். சித்தப்பா மாதிரிச் சிரிக்கவும் வேண்டாம், மாமி மாதிரிப் பட்டத்தைச் சொல்லி மினுக்கவும் வேண்டாம்.

அதுவரைக்கும் எங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. அடுத்த முறை கண்ணாடி மாத்தப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கோ. கண் அழுத்தம் அளந்தனீங்களோ? உள்ளுக்குப் பார்வை நரம்பைப் பார்த்தனீங்களோ? சீட்டை என்ர கையில் தருவீங்களோ? முதல் இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், நடந்தது இலக்கம் பார்த்த வேலை மட்டும்தான் என்று விளங்கிக்கொள்ளுங்கோ. நாற்பது வயசு தாண்டினவையையும், நீரிழிவு உள்ளவையையும், குடும்பத்தில் குளுக்கோமா இருக்கிறவையையும் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

நான் சொல்லிப்போட்டுச் சும்மா இருக்கேல்லை. குளுக்கோமா உள்ளவரின் பிள்ளைகளுக்கும் அது வரக்கூடிய வாய்ப்புக் கூட என்று மச்சாள் சொன்னாள். வாற செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன். “எனக்கென்ன, எல்லாம் வடிவாத் தெரியுது” என்று இப்பவும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா. அம்மம்மாவும் அப்படித்தான் சொன்னவ.