போர்க்குணம் வடக்கின் தனியுடைமையா?

போர்க்குணம் வடநாட்டுச் சில இனங்களுக்கே பிறவியில் வாய்த்தது, தென்னாட்டார் எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் பொருந்துவரே அன்றிக் களத்துக்கு ஆகார் என்னும் நம்பிக்கை, ஆங்கில ஆட்சி அகன்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் தமிழரிடையேகூட வேரூன்றி நிற்கிறது. இன்ன இனத்தில் பிறந்தவனே வீரன் என்று வகுத்த இந்த ‘வீர இன’க் கொள்கை அடிப்படையற்றது என்பதற்கு, இந்தியத் தரைப்படையின் தலைசிறந்த சிறப்புப் படைகளுள் ஒன்றின் பிறப்பே சான்று.

எதிரியின் எல்லைக்குள் சிறு குழுவாக ஊடுருவித் தாக்கும் சிறப்புப் படை, 1965 போரில் மேஜர் மேக் சிங் திரட்டிய ‘மேக்தூத்’ அணியிலிருந்தும், அதன் வழியே 1966இல் உருவான 9ஆவது பாரா கமாண்டோ பட்டாலியனிலிருந்தும் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் 1978இல் சிறப்புப் படையாக மாற்றப்பட்ட 1ஆவது பாரா (வான்குடை) பட்டாலியனின் பிறப்பு 1761ஆம் ஆண்டுக்குரியது. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட நெருக்கடியை ஒட்டி, சிதறிக் கிடந்த உள்நாட்டுச் சிப்பாய்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒழுங்கான பட்டாளங்களாக வகுத்தது. வந்தவாசிப் போரும் புதுச்சேரி வீழ்ச்சியும் நிகழ்ந்த அந்த ஆண்டுகளில் எழுப்பப்பட்ட 8ஆவது ‘கரையோரச் சிப்பாய்’ப் பட்டாளமே, அதாவது சோழமண்டலக் கரைப் பகுதிக் காலாட்படையே, இன்றைய 1ஆவது பாராவின் மூலம்.

அதே 1761இல்தான், புளியங்குடிக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் கம்பெனியின் தளபதி யூசுப்கானிடம் வீழ்ந்தன. 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலைப் பணியவைக்க முடியாமல் திரும்பியதும், 1759இல் யூசுப்கானே வாசுதேவநல்லூரின் மண்கோட்டையைப் பிடிக்க இயலாமல் பின்வாங்கியதும் ஆவணங்களில் உள்ளவை. மதிலுக்குள் நின்று காத்த நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் ஆட்களும் தென்னாட்டார். வெளியே நின்று தாக்கியோருள் பெரும்பாலோரும் தென்னாட்டார். ஆறு ஆண்டுகள் இம்மண்ணில் இப்படிப் போரிட்டவர்களின் வழிவந்தோரைப் போருக்கு உதவாதவர்கள் என்று ஒரு பேரரசு தீர்ப்பெழுதியது பெருங்கொடுமை.

கூலிக்குப் போரிட்ட சிப்பாய்களைப் பெருமையாகப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வீர இனக் கொள்கை மனிதரின் நோக்கத்தை எடைபோடவில்லை, ஆற்றலையே மறுத்தது. அந்த மறுப்புக்குத்தான் இங்கே விடை தேவை.

சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைமை வகித்த ராபர்ட்ஸ் பிரபு, நெடுங்கால அமைதி தென்னாட்டுச் சிப்பாயை மழுங்கடித்துவிட்டது என்று வாதிட்டார். போர் நிகழ்ந்த எல்லைகளுக்கு அவனை அனுப்பாதிருந்தவர்கள், அவன் போரைக் காணாததையே குற்றமாக்கினர். 8ஆவது கரையோரச் சிப்பாய்ப் பட்டாளமாகத் தொடங்கிப் பின்னர் 7ஆவது சென்னைக் காலாட்படையாகிவிட்ட படையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டாருக்குப் பதிலாகப் பஞ்சாபியர் சேர்க்கப்பட்டனர். 1903இல் இந்தியப் படைத் தலைவர் கிச்சனர் படைகளுக்கு மறு எண் இட்டபோது சென்னைப் படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. அதனால் 7ஆவது சென்னைக் காலாட்படை ‘67ஆவது பஞ்சாபியர்’ ஆயிற்று, 3ஆவது படை 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை ஆயிற்று. பெயரில் பஞ்சாப் ஏறினாலும் எண்ணில் சென்னை மறையவில்லை.

67ஆவது பஞ்சாபியர் எனப் பெயர்பெற்ற அந்தப் படையே 1946இல் வான்குடைப் படையாகி, 1965 ஆகஸ்டு 28இல் மேஜர் ரஞ்சித் சிங் தயாள் முன்னின்று நடத்த ஹாஜி பீர் கணவாயைக் கைப்பற்றியது. அந்த வெற்றி அதை வென்றவர்களுக்கே உரியது. அதைப் பங்கிட்டுக்கொள்ளத் தமிழர் முயல வேண்டியதில்லை. ஆனால் ஒரே படை தென்னாட்டாரைக் கொண்டும் பஞ்சாபியரைக் கொண்டும் இரு நூற்றாண்டுகள் போரிட்டு நின்றிருக்கிறது என்றால், பயிற்சியும் தலைமையும் வாய்ப்பும் சேர்ந்தே வீரனை ஆக்குகின்றன என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. இன்று சிறப்புப் படையில் சேர விரும்புவோர் தாமே முன்வந்து, பலரைக் கழித்துவிடும் கடுமையான தகுதிகாண் காலத்தைக் கடந்தாக வேண்டும்; பிறந்த மாநிலம் அங்கே தகுதியும் அன்று, தடையும் அன்று.

1928இல் எஞ்சிய மெட்ராஸ் காலாட்படைப் பட்டாளங்களையும் கலைத்த அதே ஆங்கில அரசு, உலகப் போர் நெருக்கியதும் 1940களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டை மீண்டும் எழுப்பியது.