நாற்பதுக்கு மேல் கணக்கில்லையா?

நம் முன்னோர் ஸ்திரீகளின் வயதை ஏழு பருவங்களாக வகுத்தார்கள். ஐந்து வயதில் பேதை. பிறகு பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை. 32 முதல் 40 வரையில் பேரிளம்பெண். தலைவன் வீதியில் பவனி வருகையில் இவ்வேழு பருவத்தாரும் அவனைக் கண்டு மயங்குவதாகப் பாடுவது உலா நூல்களின் மரபு. நாற்பதைக் கடந்தவளுக்கு அங்கே பெயருமில்லை. அவ்வீதியில் நிற்க இடமுமில்லை.

இது பழங்கதை என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் இக்காலத்துச் சர்க்கார் ஏட்டையும் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும். 1992-93 முதல் நடைபெற்று வரும் தேசியக் குடும்பநல ஆய்வில், ஸ்திரீகளை நேரில் கண்டு விரிவாகக் கேட்கும் கேள்விகள் 49 வயதோடு முடிந்துவிடுகின்றன. புலவர் அழகைக் கணக்கிட்டார். சர்க்கார் பிரசவத்தைக் கணக்கிடுகிறது. அழகும் பிரசவமும் ஒழிந்தபின் எஞ்சி நிற்கும் மனுஷியைக் கணக்கிடுவோர் யார்?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷமே. இன்று அது 70-ஐ எட்டியிருக்கிறது. 45 வயதில் நிற்கும் ஒரு ஸ்திரீக்கு முன்னால் இன்னும் சுமார் 30 வருஷ வாழ்வு இருக்கிறது. அது ஒரு முழு ஆயுளுக்குச் சமானம். அதை ஆரோக்கியத்தோடும் தைரியத்தோடும் வாழ்வதா, அல்லது மூலையில் ஒடுங்கிக் கழிப்பதா என்பதே கேள்வி.

நம் தேசத்து ஸ்திரீகளுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேல்நாடுகளில் இது 51 வயதை ஒட்டி நிகழ்கிறது. அதற்குச் சில வருஷங்கள் முன்னதாகவே தேகத்தில் திடீர் வெப்பம், இரவில் வியர்வை, தூக்கமின்மை, காரணமற்ற கோபம், மறதி ஆகியவை தோன்றக்கூடும். நின்றபின் முதற் சில வருஷங்களில் எலும்பின் பலம் வேகமாகக் குறைகிறது. இருதய நோயின் அபாயமும் வளர்கிறது. இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. ஆனால் நம் வீடுகளில் இதற்கு இட்டிருக்கும் பெயர் “அவளுக்கு எப்போதும் சிடுசிடுப்பு” என்பதுதான். மேடைகளில் ஸ்திரீ சுதந்திரத்தைப் பற்றி முழங்கும் கனவான்களே, உங்கள் மனைவி ஏன் நள்ளிரவில் எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று என்றாவது கேட்டதுண்டா?

“இது பெண்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சமாசாரம், பத்திரிகையில் எழுதத் தகுமா?” என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். இந்த மௌனத்தின் விலையை அவர்கள் அறிந்தால் இப்படிப் பேசமாட்டார்கள். அதிக உதிரப்போக்கு என்று வரும் ஏழை ஸ்திரீகளிடம், “கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது” என்று சொல்லி நாற்பது வயதுக்குள்ளேயே அறுத்துவிடும் வழக்கம் தேசத்தின் பல பகுதிகளில் பரவியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் தொழிலாளர் ஸ்திரீகள் பலருக்கு இக்கதி நேர்ந்தது 2019-ல் அம்பலமாயிற்று. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டிய அவர்களுக்கு, மாதவிடாயே பெருஞ்சுமையாக இருந்தது. 2022-ல் மத்திய சர்க்கார் இதைத் தடுக்க விதிமுறைகளை வகுத்தது. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு அவற்றை மூன்று மாதத்துக்குள் மேற்கொள்ளும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆயினும், கருப்பையோடு சூல்பைகளையும் இளவயதில் எடுத்துவிட்டால் எலும்பும் இருதயமும் கெடும் என்பதை அந்த ஸ்திரீக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவருமில்லையெனில், உத்தரவு காகிதத்தில்தான் இருக்கும்.

நாற்பதுக்குமேல் ஸ்திரீ எதற்கும் உதவாள் என்பது நம் சரித்திரத்துக்கே விரோதமான பேச்சு. அன்னி பெஸண்ட் அம்மையார் இந்தியாவில் கால்வைத்தபோது அவருக்கு வயது 46. காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தது 1917-ல், தமது 70-வது வயதில். 1930-ல் தராசனா உப்பளத்துக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்ற சரோஜினி தேவிக்கு வயது 51. 1942-ல் வங்காளத்தின் தாம்லுக்கில் கொடியேந்திக் குண்டுக்கு இரையான மாதங்கினி ஹஸ்ரா எழுபதைத் தாண்டியவர். நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1927-ல் சென்னைச் சட்டசபையின் உபதலைவரானபோது வயது 40. புலவர்களின் கணக்கு முடிந்த இடத்தில் அவர் கணக்கு தொடங்கியது. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இவர்கள் அபூர்வப் பிறவிகள் என்று சொல்லித் தப்ப முயல வேண்டாம். இவர்களுக்குக் கல்வி இருந்தது, அல்லது தோள் கொடுக்க ஓர் இயக்கம் இருந்தது. மற்றவர்களுக்கு இரண்டுமில்லை. கைம்பெண்களுக்கு மத்திய சர்க்கார் வகுத்த ஓய்வூதியம் நாற்பது வயதில் தொடங்குகிறது. அதன் பங்கு 2012-ல் மாதம் 300 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 300 ரூபாயில் தன்னம்பிக்கை முளைக்குமா?

செய்ய வேண்டியவை தெளிவு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 40 வயதைக் கடந்த ஸ்திரீகளுக்கென வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பு, கருப்பை வாய் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எலும்பைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” வீட்டு வாசலுக்கே போகிறது. அதன் ஊழியர்கள் இந்தப் பருவத்தைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கட்டும். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆனபின் மீண்டும் உதிரம் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்திரீயும் அறியச் செய்ய வேண்டும். இரண்டாவது வைத்தியரின் அபிப்பிராயமின்றிக் கருப்பையை எடுக்க எவரும் அவசரப்படலாகாது. உயிருக்கே ஆபத்தான சமயம் மட்டும் விலக்கு.

சர்க்காரை மட்டும் நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமன்று. கடைசியாக மிஞ்சியதைத் தின்னும் தாய்க்குக் கேழ்வரகும் கீரையும் பாலும் முதற் பந்தியில் கிடைக்கட்டும். உலாவுவதற்கு அரை மணி நேரமும், வெயிலும், தன் பெயரில் கொஞ்சம் பணமும் அவளுக்கு இருக்கட்டும். கூட்டத்தில் முன்வரிசையை நிரப்ப 50 வயது ஸ்திரீகளை லாரியில் ஏற்றிவரும் கட்சிகள், அவர்களில் ஒருத்தியையாவது காரியக் கமிட்டியில் உட்கார வைக்கட்டும்.

கலியாணத்திலிருந்து தப்பிக் கிழவியாகும்படி ஔவை இறைவனிடம் வரம் கேட்டாள் என்று கதை சொல்கிறது. ஸ்திரீ வாய் திறந்து பேச வேண்டுமானால் கிழவியாக வேண்டும் என்றிருந்த சமூகத்தின் கதை அது. பேரிளம்பெண்ணுக்கும் ஔவைக்கும் இடையில் முப்பது வருஷம் கிடக்கிறது. அதற்கு ஒரு பெயர் வைப்பது பின்னால் ஆகட்டும். முதலில் அதைக் கணக்கில் சேர்ப்போம்.