காரணம் சொல்லாமல் பாகத்தை மாற்றாதே!

இன்று கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டாயிற்று, கவலைப்பட வேண்டாம்.

போன மாதம் என் லேப்டாப்பில் ஒரு தொல்லை. எழுதிக்கொண்டே இருப்பேன். ஓர் எழுத்து தப்பாக விழும். அதைத் திருத்தலாம் என்று விரலை டச்பேடில் வைத்தால் அம்பு நகராது. தேய்ப்பேன், தட்டுவேன், ஊஹும். அலுத்துப்போய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தொட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். எழுத ஆரம்பித்தால் திரும்பவும் அதே கதை.

வேலூரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கிருந்த பையன் மூடியைத் திறந்து நாலு எழுத்து தட்டினான், விரலால் ஒரு தேய் தேய்த்தான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"டச்பேட் போயிடுச்சு சார். மாத்தணும். மூவாயிரத்து இருநூறு ஆவும்."

"எதனாலப்பா போச்சு?"

"பழசாயிடுச்சு சார். அதுக்கும் வயசு ஆவுதில்ல?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். "ரெண்டு நாள் கழிச்சு வரேன்" என்று சொல்லி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே எங்கள் கணக்கு வாத்தியாருக்கு விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. "பூர்குவா?" என்பார். "ஏன்?" என்று அர்த்தம். காரணம் எழுதாதவனுக்குப் பாதி மார்க்தான். பிறகு வேலூர்ப் பக்கம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் வருவாய்த் துறையில் கோப்பு எழுதினேன். அங்கேயும் அதே சட்டம்தான். ஒரு மனுவைத் தள்ளுபடி செய்வதானால் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத குறிப்பு, மேலதிகாரியின் மேஜையிலிருந்து சிவப்பு மையோடு திரும்பி வரும். "பழசாயிடுச்சு" என்பது எந்தக் கோப்பிலும் காரணம் ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் சோதித்துப் பார்த்தேன். எழுதாமல் டச்பேடை மட்டும் தேய்த்தேன், ஓடியது. பத்து நிமிஷம் தேய்த்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு உடனே தேய்த்தேன், நின்றது. கையை எடுத்து "ஒன்று, இரண்டு" என்று எண்ணிவிட்டுத் தேய்த்தேன், ஓடியது. செத்துப்போன பாகம் இரண்டு எண்ணுவதற்குள் உயிர்த்தெழாது. ஆகவே எதுவும் சாகவில்லை. யாரோ வேண்டுமென்றே நிறுத்திவைக்கிறார்கள்.

யார்? அந்த மென்பொருளைச் செய்தவர்கள்தான். 1994-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசையில் டச்பேட் வந்தது. அதன்பின் வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் அதே இடம்தான்: விசைப்பலகைக்குக் கீழே, எழுதும்போது நம் உள்ளங்கை படுகிற அதே இடம். உள்ளங்கை உரசினால் அம்பு எங்கோ தாவும். மூன்றாவது பத்தியில் எழுதுவது முதல் பத்தியில் போய் விழும். அதைத் தடுக்க, விசையைத் தட்டியதும் சற்று நேரத்துக்கு டச்பேடைக் கண்டுகொள்ளாதே என்று கட்டளை வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

அதை நமக்குச் சொல்லவில்லையே, அதுதான் என் சண்டை. பத்து விரலால் படபடவென்று அடிப்பவருக்கு அந்தச் சிறு தாமதம் தெரியவே தெரியாது. ஓர் எழுத்தைத் தேடி அடித்து, உடனே அம்பை நகர்த்தி, மறுபடி தேடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் முட்டுக்கட்டை. "நீங்கள் எழுதுவதால் டச்பேட் நிறுத்தப்பட்டிருக்கிறது" என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தால் என்ன குறைந்துவிடும்? ஆயிரம் விளம்பரம் காட்டத் தெரிந்த திரைக்கு இந்த ஒரு வரி காட்டத் தெரியாதா?

என் மூவாயிரம் ரூபாய் பெரிய விஷயமில்லை. ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மா இருக்கிறார். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். தன் அம்மாவின் கதையைப் பேத்திகளுக்காக லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "விரல்ல ரேகை தேஞ்சுபோச்சு சார். பென்ஷன் நேர்காணல்லயும் மெஷின் என் கையை எடுக்கலை. இதுவும் அப்படித்தான், தொட்டா தெரியலை" என்றார்.

டச்பேடுக்கு ரேகை வேண்டாம். விரல் தொட்டால் மின்சார அளவில் ஏற்படும் சின்ன மாற்றத்தைத்தான் அது பார்க்கிறது. அவர் விரலில் குறையே இல்லை. அதைச் சொல்ல ஆளில்லாததால், எழுபது வயதுப் பெண்மணி தன் கையே போய்விட்டதாக நம்பி எழுத்தை நிறுத்தியிருக்கிறார். காரணம் சொல்லாத இடத்தில் நம் வயதே காரணமாகிவிடுகிறது. எனக்குக் கோபம் அங்கேதான்.

அவர் லேப்டாப்பில் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தேன். வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் வரிசையாகத் தருகிறேன்:

1. விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸில் டச்பேட் பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'டேப்ஸ்' பகுதியில் 'டச்பேட் சென்சிடிவிட்டி' என்று ஒன்று இருக்கும். அதில் 'மோஸ்ட் சென்சிடிவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தாமதம் குறைந்துவிடும். சில மாடல்களில் தாமத நேரத்தையே குறைக்கவோ நிறுத்தவோ வழி இருக்கும்.

2. டச்பேட் அடியோடு வேலை செய்யாவிட்டால், மேல் வரிசை விசைகளில் சிறு டச்பேட் படம் போட்ட விசை இருக்கிறதா பாருங்கள். கை தவறி அதை அமுக்கியிருப்பீர்கள். 'எஃப்என்' விசையோடு சேர்த்து மறுபடி அமுக்கினால் உயிர் வரும்.

3. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பிடுங்கியதும் சரியானால் கோளாறு உங்கள் வீட்டு பிளக்கில் இருக்கலாம். எர்த் இல்லாத பிளக்கில் போட்டால் அம்பு தடுமாறுவது உண்டு.

4. வியர்வைக் கை, தேங்காயெண்ணெய்க் கை ஆகாது. உலர்ந்த துணியால் துடையுங்கள்.

5. டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு வந்தால், அடியிலுள்ள பேட்டரி வீங்கியிருக்கலாம். அது ஆபத்து. அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஐந்தில் ஒன்றுதான் அவசரமாகக் கடைக்குப் போக வேண்டிய விஷயம்.

"கடைக்காரனும் பிழைக்க வேண்டாமா சார்?" என்று சிலர் கேட்பீர்கள். பிழைக்கட்டும். உட்கார்ந்து பார்த்து, "பாகம் நல்லா இருக்கு, செட்டிங்தான்" என்று சொல்வதும் வேலைதான். அதற்கு இருநூறோ முந்நூறோ கேட்டால் சந்தோஷமாகத் தருவேன். டாக்டருக்குத் தருகிறோமே! பார்த்ததற்குக் கூலி கேள்; பார்க்காததற்குக் கேட்காதே. நல்ல பாகத்தைக் கழற்றிக் குப்பையில் போடுவதற்கு என்னிடம் கூலி கேட்டால் அது தொழில் இல்லை.

தொழில் என்றால் என்ன என்று நம் ஊருக்குத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள். தையல் போட்ட அடியென்றால் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். பசை போட்டு ஒட்டியதென்றால் பல நேரம் தூக்கிப்போட வேண்டியதுதான் என்று ஷூ கம்பெனியில் வேலை பார்த்த எவரும் சொல்வார். மரத்தடியில் உட்கார்ந்து செருப்பு தைப்பவர்கூட, "இங்க பாருங்க, நூல் விட்டிருக்கு" என்று காட்டிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். ஏசி போட்ட கடைக்கு அந்த மரியாதை ஏன் இல்லை?

குப்பை விஷயமும் நமக்குத் தெரியாததல்ல. பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் லாபத்தின் மிச்சம் இன்னொருவர் கிணற்றில் இறங்குவதைப் பார்த்தவர்கள் நாம். நல்ல நிலையில் கழற்றி எறியும் பாகமும் அந்த வகைதான்.

பழைய குமாஸ்தா என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11)-இன்படி, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடுதான். பிரிவு 2(47), பில் தராததை முறையற்ற வணிகத்தில் சேர்க்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய 2022-இல் மத்திய அரசு ஒரு குழு போட்டது, இணையதளமும் திறந்தது. குழுவும் இணையதளமும் போதாது. பிரான்சில் 2021 ஜனவரி முதல், லேப்டாப் விற்கும்போதே அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு ஒரு மார்க் போட்டுக் காட்ட வேண்டும். பிரிப்பது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, விலை என்ன, விளக்கக் குறிப்பு உண்டா என்றெல்லாம் பார்த்துப் போடும் மார்க். இங்கேயும் அது வர வேண்டும்.

வரும்வரை நாமே கேட்போம். கடையில் மூன்று கேள்வி போதும். என்ன கோளாறு, எனக்குக் காட்டு. கழற்றிய பழைய பாகத்தை என் கையில் கொடு. பில் கொடு. இதைக் கேட்க இங்கிலீஷ் வேண்டாம், கம்ப்யூட்டர் படிப்பும் வேண்டாம். "பெரியவரே, உங்களுக்குப் புரியாது" என்றால், "புரியிற மாதிரி சொல்லுப்பா, அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

அந்தக் கடைக்கு நான் மறுபடி போனேன். சண்டை போடவில்லை. லேப்டாப்பைத் திறந்து, செட்டிங்கை மாற்றினால் என்ன ஆகிறது என்று பையனுக்குக் காட்டினேன். "இது எனக்கு யாரும் சொல்லலை சார்" என்றான். அவனுக்கும் யாரும் காரணம் சொல்லிக்கொடுக்கவில்லை.

டீச்சரம்மா மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். நேற்று போனில், அம்மாவின் கல்யாணம் வரை வந்திருப்பதாகச் சொன்னார்.